இது எதுல போயி உக்காரும்?

மேஸ்திரி ஒரு டிராயிங்கை வலது பக்கக் கீழ் மூலையிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். தாள் விரிந்ததும் எங்கள் கண்ணெல்லாம் நடுவில் இருக்கும் படத்துக்கு ஓடும். அவர் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். மூலையில் இருக்கும் கட்டத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, பொருளின் பெயர், டிராயிங் எண், என்ன இரும்பு, எத்தனை உருப்படி, எத்தனையாவது திருத்தம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வருவார். பிறகு அதற்கு மேலே இருக்கும் குறிப்புகள். கடைசியாகத்தான் படம்.

“கடுதாசி வந்தா யாரு போட்டதுன்னு மொதல்ல பாக்கறதில்லியா கண்ணு? அப்பறந்தான சேதி” என்பார்.

1985ஆம் வருடம் அது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் டர்னர் படித்து முடித்துவிட்டு, கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தேன். ஆறு லேத், ஒரு ஷேப்பர், ஒரு டிரில்லிங் மெஷின், யாரோ ஒரு மில்காரர் விற்றதை வாங்கிப் போட்ட கிரைண்டிங் மெஷின் ஒன்று. இதுதான் பட்டறை. பம்ப் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுப்பதுதான் முக்கிய வேலை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் மில்லும் பெருகியது, கிணற்றில் மோட்டார் வைப்பதும் பெருகியது. அந்த இரண்டையும் சுற்றி வளர்ந்தவைதான் எங்கள் பட்டறையைப் போன்ற நூற்றுக்கணக்கான பட்டறைகள். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு லேத் ஓடும் சத்தம் கேட்கும்.

மேஸ்திரி பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்புவரைதான். ஆங்கிலம் தெரியாது. ஆனால் டிராயிங்கில் வரும் ஆங்கிலச் சொற்களை, முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வதுபோல, மொத்தமாகத் தெரிந்துவைத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கமாட்டார். அந்தச் சொல் எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு நீளம் என்பதை வைத்தே சொல்லிவிடுவார். அவர் தொழில் பழகிய காலத்தில் எல்லாமே அங்குலமும் நூலும். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். 1958இல் தொடங்கி நாடு மெட்ரிக் அளவுக்கு மாறியபோது அவரும் மாறினார். ஆனாலும் வாய் “மூணு நூல்” என்று சொல்லும்போது கை 9.5 என்று எழுதும். அந்த மனிதர்தான் எனக்கு டிராயிங் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்குமுன் எனக்கு வரையத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

வரையச் சொல்லிக்கொடுத்ததைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஐ.டி.ஐ.யில் எங்களுக்கு அமைந்த டிராயிங் வாத்தியார் அருமையான மனிதர். டிராயிங் ஹாலில் உயரமான மேசைகள். தாளைப் பலகையில் கிளிப் போட்டுப் பிடித்து, பென்சிலை உப்புத்தாளில் தேய்த்து உளிமுனைபோல் சீவிக்கொள்ளவேண்டும். வெளிக்கோடு தடிப்பாக, அளவுக்கோடு மெல்லியதாக, மறைந்திருப்பதைக் காட்டும் கோடு விட்டு விட்டு, நடுக்கோடு நீளமும் குட்டையும் மாறி மாறி. கோட்டில் தடிப்பு மாறினால் அர்த்தம் மாறிவிடும் என்று தலையில் அடித்துக்கொள்வார். குறிலும் நெடிலும் மாதிரி என்று நானே மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒரு பொருளை மூன்று பக்கம் பார்த்து மூன்று படமாகப் போடுவதை அவர் விளக்கிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. டீக்கடையிலிருந்து வந்த கண்ணாடி டம்ளரைக் கழுவி மேசையில் படுக்கவைத்தார். அடிப்பாகம் எங்களுக்கு இடது பக்கம், வாய் வலது பக்கம். நேர் எதிரே நின்று பார்த்தால் ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்ற கட்டம். இடது பக்கம் போய்க் குனிந்து பார்த்தால் சின்ன வட்டம், அதைச் சுற்றிப் பெரிய வட்டம். “இந்த வட்டப் படத்தை அந்தக் கட்டத்துக்கு எந்தப் பக்கம் போடுவே?” என்று கேட்டார். இடது பக்கம் நின்று பார்த்தது, அதனால் இடது பக்கம் என்றோம் எல்லோரும்.

அவர் டார்ச் விளக்கை எடுத்து இடது பக்கமிருந்து டம்ளர்மேல் அடித்தார். நிழல் வலது பக்கச் சுவரில் விழுந்தது. “நிழல் பொருளுக்குப் பின்னாடிதான் விழும். இடமிருந்து பாத்தா படம் வலப்பக்கம். இது ஃபர்ஸ்ட் ஆங்கிள்.” பிறகு ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து டம்ளருக்கும் தன் கண்ணுக்கும் நடுவில் பிடித்தார். “இப்போ கண்ணாடி மேலயே படத்தை வரையறேன். படம் நான் நிக்கிற பக்கத்துலயே இருக்கு. இது தேர்ட் ஆங்கிள்.” டிராயிங்கின் மூலையில் ஒரு கட்டமும் இரட்டை வட்டமும் போட்ட குட்டிக் குறி இருக்கும். அதில் இருப்பது இந்தப் படுத்த டம்ளர்தான். வட்டங்கள் கட்டத்துக்கு எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டால், அந்தத் தாளில் இருக்கும் எல்லாப் படங்களையும் நிழலாகப் படிப்பதா, கண்ணாடியாகப் படிப்பதா என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கண்ணாடி முறை, ஐரோப்பாவில் பெரும்பாலும் நிழல் முறை. 1988இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் பள்ளி, கல்லூரிகளுக்காக வெளியிட்ட கையேடு நிழல் முறையைத்தான் பரிந்துரைத்தது. நான் பட்டறையில் சேர்ந்த காலத்தில் இரண்டும் கலந்து வந்துகொண்டிருந்தன. சேர்ந்த மாதமே அந்தக் குட்டிக் குறியைப் பார்க்காமல் ஒரு பிராக்கெட்டில் துளையைப் பக்கம் மாற்றிப் போட்டேன். வலது காலுக்கு இடது செருப்பு தைத்ததுபோல் ஆகிவிட்டது. உலோகத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் அது இடமாகத்தான் இருந்தது.

ஒரு பொருளைப் பல பக்கம் பார்த்துப் படமாகப் போடும் இந்த முறைக்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தவர் காஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக்காரர் என்பதைப் பின்னாளில் ஒரு நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1746இல் ஒரு சிறு வணிகரின் மகனாகப் பிறந்தவர். மெசியேர் நகரின் ராணுவப் பொறியியல் பள்ளியில் அதிகாரிகளாகப் பயிற்சி பெற மேல்குடியில் பிறந்திருக்கவேண்டும். மோன்ஜுக்கு அந்தப் பள்ளியை ஒட்டிய வரைபடப் பட்டறையில்தான் இடம் கிடைத்தது. எதிரி எந்த மேட்டில் நின்று சுட்டாலும் உள்ளே இருப்பவர்மேல் குண்டு படாதபடி கோட்டைச் சுவரை எவ்வளவு உயரம் எழுப்பவேண்டும் என்று ஒரு கணக்கு. மற்றவர்கள் நாள்கணக்கில் போட்ட கூட்டல் பெருக்கலை, அவர் கோடு போட்டே முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். இவ்வளவு சீக்கிரம் யாராலும் முடிக்க முடியாது என்று அதிகாரி அதைப் பார்க்கவே மறுத்தாராம். பார்த்த பிறகு, அந்த முறை பல வருடம் ராணுவ ரகசியமாகவே வைக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1795இல்தான் மோன்ஜ் அதைப் பொது வகுப்பில் பாடமாக நடத்த முடிந்தது. பட்டறைப் பக்கம் ஒதுக்கப்பட்ட ஒருவர் கண்டுபிடித்ததைத்தான் உலகத்துப் பட்டறைகள் எல்லாம் படிக்கின்றன என்று நினைத்தபோது அன்றைக்கு எனக்கு மனம் நிறைந்துபோனது.

அந்த நாளில் டிராயிங் என்றால் அம்மோனியா பிரிண்ட்தான். டிரேசிங் தாளில் மையால் வரைந்ததை, மருந்து பூசிய தாளின்மேல் வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். கோட்டின் மறைவில் இருக்கும் மருந்து மட்டும் மிஞ்சும். அதை அம்மோனியா ஆவியில் காட்டினால் ஊதா நிறத்தில் கோடுகள் எழும்பும். புதுசாக வந்த பிரிண்டை விரித்தால் மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் வரும். எனக்கு அந்த வாடை பிடித்துப்போய்விட்டது. புது வேலை வந்திருக்கிறது என்று மூக்குதான் முதலில் சொல்லும். அதற்கும் முன்னால், ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறையில், நீலத் தாளில் வெள்ளைக் கோடாக நகல் எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த நீலம் போய் வெகுகாலம் ஆன பிறகும் எங்கள் முதலாளி ‘புளூ பிரிண்ட் வந்துடுச்சா’ என்றுதான் கேட்பார்.

ஒருநாள் பிரிண்டில் ஓர் அளவு மடிப்பில் அழிந்துபோயிருந்தது. நான் ஸ்கேலை வைத்துத் தாளிலேயே அளக்கப் போனேன். மேஸ்திரி கையைத் தட்டிவிட்டார். கோபப்பட்டு நான் பார்த்த ஓரிரு தடவைகளில் அது ஒன்று. தாள் மழைக்கு நீளும், வெயிலுக்குச் சுருங்கும், பிரிண்ட் எடுக்கும்போதே இழுபடும். கோட்டின் நீளத்தை நம்பாதே, எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பு. எண் தெரியவில்லையென்றால் எழுதினவரிடம் போய்க் கேள். என்னை சைக்கிளில் ஏற்றி அந்தக் கம்பெனிக்கே அனுப்பிவிட்டார். போக வர ஒரு மணி நேரம். அன்று நான்கு உருப்படி குறைவாகத்தான் முடிந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படத்தைப் பார்த்துப் பொருளை மனதில் எழுப்புவது ஓரளவு கைவந்த பிறகு, வெட்டுத்தோற்றம் என்னைக் குழப்பியது. பம்பை நெடுக இரண்டாகப் பிளந்து காட்டுவார்கள். கத்தி பட்ட இடமெல்லாம் சாய்ந்த கோடுகள். வெளியோட்டில் கோடு இருக்கிறது, இம்பெல்லரில் இருக்கிறது. நட்டநடுவில் ஓடும் ஷாஃப்ட்டில் மட்டும் இல்லை. கத்தி அதன் நடுவிலும் பாய்ந்துதானே போயிருக்கவேண்டும்? போல்ட்டிலும் இல்லை, ஷாஃப்ட்டில் பூட்டும் சாவியிலும் இல்லை. வரைந்தவர் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

“மாம்பழம் அறுக்கறப்போ கொட்டையையுமா அறுக்கறே?” என்றார் மேஸ்திரி.

உருண்டையான கெட்டிப் பொருளைப் பிளந்து காட்டினால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. அதை முழுசாக விட்டால்தான் சுற்றியிருப்பது துலங்கும். வெளியோட்டைத் தாங்கும் மெல்லிய விலாச்சுவர்களையும் நெடுகப் பிளந்தாற்போல் காட்டமாட்டார்கள். காட்டினால் அந்த இடம் முழுக்கக் கெட்டி இரும்பு என்று படிப்பவன் நினைத்துவிடுவான். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. டிராயிங் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே போட்டது அல்ல. படிப்பவன் எங்கே தவறாகப் புரிந்துகொள்வான் என்று முன்கூட்டியே யோசித்து, அங்கங்கே அவனுக்காக உண்மையைக் கொஞ்சம் வளைத்து எழுதியது. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து என்னைப் பற்றி, என் கையைப் பற்றி யோசித்த ஒருவர் அந்தத் தாளுக்குப் பின்னால் இருந்தார்.

மேஸ்திரிக்கு எல்லாப் பாடத்துக்கும் ஒரே கேள்விதான். எந்த உருப்படியை எடுத்தாலும், எந்த அளவைக் காட்டினாலும், “இது எதுல போயி உக்காரும்?” தெரியாவிட்டால் வேலையைத் தொடக்கூடாது.

மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்கவேண்டும் என்பதை அன்றைய டிராயிங்குகளில் தலைகீழ் முக்கோணங்களால் காட்டுவார்கள். ஒரு முக்கோணம் கரடு, இரண்டு நல்ல கடைசல், மூன்று கிரைண்டிங். பின்னாளில் முக்கோணம் போய், சரிபார்த்த குறிபோன்ற ஒன்றின்மேல் மைக்ரான் கணக்கு எழுதும் வழக்கம் வந்தது. நான் புதிதில் எல்லா முகத்தையும் மினுக்கிவைப்பேன். முகம் தெரிகிற அளவுக்கு மின்னினால்தான் நல்ல டர்னர் என்று எண்ணம். மேஸ்திரி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, ஒரு முக்கோணம் போட்ட முகத்தைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார். அந்த முகம் எதிலும் உட்காரவில்லை, காற்றில் நிற்கிறது. “ஒண்ணுலயும் உக்காராத எடத்துக்கு எதுக்குடா இத்தன நேரம்?” ஆயில் சீல் உரசி ஓடும் இடத்தில் மூன்று முக்கோணம் இருந்தது. அங்கே கரடாக விட்டால் சீலின் ரப்பர் உதடு தேய்ந்து தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும். முக்கோணத்தை எண்ணி மனப்பாடம் செய்த நாளைவிட, அது எதன்மேல் உரசப்போகிறது என்று கேட்ட நாளில்தான் அந்தக் குறி எனக்குப் படிக்க வந்தது.

ஆனாலும் அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்ட ஒரு வாரம் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

டிசம்பர் மாதம். கிரைண்டிங் மெஷின் ஓட்டுபவர் ஊருக்குப் போயிருந்தார். மேஸ்திரியும் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று நான்கு நாள் வரவில்லை. மோனோபிளாக் பம்புக்கான ஷாஃப்ட்டுகள், லேத்தில் கடைந்து கிரைண்டிங்குக்குக் கொஞ்சம் சதை விட்டு வைத்திருந்தவை, அடுக்கியிருந்தன. என்னால் முடியும் என்று முதலாளியிடம் சொல்லி நானே மெஷினில் நின்றேன். பேரிங் உட்காரும் இடத்தில் டிராயிங்கில் 25 என்று எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில் கே என்றும் 6 என்றும் போட்டிருந்தது.

அந்த எழுத்தை நான் பார்க்காமல் இல்லை. ஐ.டி.ஐ.யில் படித்ததுதான். பெரிய எழுத்து துளைக்கு, சின்ன எழுத்து தண்டுக்கு. எழுத்து, அளவு எந்தப் பக்கம் எவ்வளவு நகரலாம் என்று சொல்லும். எண், எவ்வளவு நெருக்கமாக இருக்கவேண்டும் என்று சொல்லும். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணைக்குப் போகவில்லை. எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். தண்டு பெருத்தால் பேரிங் ஏறாது, கொஞ்சம் சிறுத்தால் பாதகமில்லை, சுலபமாக ஏறும். அதனால் 25க்கு ஒரு மயிரிழை கீழேயே பிடித்தேன். 24.99. மைக்ரோமீட்டரில் எல்லாம் ஒரே சீராக வந்தன. பதினேழு ஷாஃப்ட். ஒவ்வொன்றையும் துடைத்து எண்ணெய் பூசி வைத்தபோது மேஸ்திரி வந்து பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன்.

வந்தார். மைக்ரோமீட்டரைத் தொடவேயில்லை. மேசை இழுப்பறையிலிருந்து புது பேரிங் ஒன்றை எடுத்தார். 6305. கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்துளை வந்துவிடும், 25 மில்லி. ஷாஃப்ட்டை நிமிர்த்திப் பிடித்து பேரிங்கை மேலே வைத்து விட்டார். அது தானாக இறங்கி, டக் என்று தோள்பட்டையில் உட்கார்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் வயிற்றில் ஏதோ செய்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் டக். பதினேழையும் பார்த்தார். பதினேழு தடவை அந்தச் சத்தம்.

“ஏறுச்சுங்களே மேஸ்திரி” என்றேன்.

“ஏறுச்சு. எறங்குச்சு. அங்க நிக்குமா?”

அட்டவணைக்குக் கூட்டிப்போய் விரலால் காட்டினார். சின்ன கே, எண் 6. 25 மில்லி தண்டுக்கு, கீழ் எல்லை 25க்கு மேலே 2 மைக்ரான், மேல் எல்லை 15 மைக்ரான். அதாவது 25.002க்கும் 25.015க்கும் நடுவே. பதின்மூன்று மைக்ரான் இடம், தலைமயிர் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த இடம் முழுக்க 25க்கு மேலேயே இருக்கிறது. தண்டு பேரிங்கின் துளையைவிட ஒரு இம்மி பெருத்திருக்கவேண்டும் என்றுதான் அந்த எழுத்து சொல்லியிருந்தது. பேரிங்கை எண்ணெயில் சூடுகாட்டி விரியவைத்து ஏற்றுவார்கள். ஆறியதும் அது தண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தண்டு சுற்றும்போது உள்வளையம் தண்டோடு ஒட்டியே சுற்றவேண்டும். பிடி இல்லாவிட்டால் வளையம் தண்டின்மேல் நழுவி நழுவி ஊரும். நான் நல்லது என்று நினைத்துப் பிடித்த பக்கம்தான் கெட்ட பக்கம்.

திட்டவில்லை. சாயந்தரம் வேலை முடிந்ததும் சத்தி ரோட்டில் ஒரு ரீவைண்டிங் கடைக்குக் கூட்டிப்போனார். காயில் எரிந்த மோட்டார்களும் பிரித்துப்போட்ட பம்புகளும் வாசல்வரை கிடந்தன. ஒரு பழைய ஷாஃப்ட்டைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தார். பேரிங் உட்கார்ந்த இடம் பளபளவென்று தேய்ந்து, நடுவில் சற்றுக் குழிந்திருந்தது. ஓரத்தில் செம்மண்போல் ஒரு பழுப்புப் பொடி. இரும்பும் இரும்பும் இம்மி இம்மியாக உரசி உதிர்ந்த துரு. அந்தத் தேய்ந்த இடம் முழுக்க, பஞ்ச் உளியை வைத்துச் சுத்தியால் அடித்த புள்ளிகள். தளர்ந்துபோன தண்டில் புள்ளி புள்ளியாகக் குத்தினால் குழியைச் சுற்றி இரும்பு கொஞ்சம் எழும்பும், அந்த எழும்பலில் பேரிங் இறுகும். சில மாதம் தாங்கும். பிறகு அதுவும் தேயும்.

அந்தப் புள்ளிகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் அன்னூர்ப் பக்கம். மழையை நம்பமுடியாத பூமி. கிணறுதான் எல்லாம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் கிணற்று மோட்டார் ஊளையிடத் தொடங்கியது. ராத்திரி கரண்ட் வந்து அப்பா போய் மோட்டாரைப் போட்டால், அந்த ஊளை வீடுவரை கேட்கும். மெக்கானிக் வந்து பேரிங் மாற்றினார். கொஞ்ச நாளில் மறுபடி ஊளை. இரண்டாவது தடவை பேரிங்கை மாற்றியபோது கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து ஷாஃப்ட்டில் பஞ்ச் உளியை வைத்துப் புள்ளி புள்ளியாக அடித்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்து, அம்மா வாசலில் புள்ளி வைப்பதுபோல் இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துணியால் துடைத்தபோது ஒட்டிய பழுப்புப் பொடியும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது தடவை மோட்டார் நின்றபோது சித்திரை மாதம். பருத்தி காய்ந்தது. அந்த வருடம் அக்காவின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். மோட்டார் ராசியில்லை என்று ஊரில் சொன்னார்கள், அப்பாவும் அப்படித்தான் நம்பினார்.

ரீவைண்டிங் கடையில் அந்த ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நேரம் எவ்வளவு என்று தெரியாது. எங்கள் கிணற்று மோட்டார் எந்தப் பட்டறையிலிருந்து வந்ததோ, எதனால் கெட்டதோ, எனக்குத் தெரியாது. பேரிங் இறுக்கம் தளர ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் நான் பிடித்த பதினேழு ஷாஃப்ட்டும் பதினேழு கிணற்றுக்குப் போயிருக்கும். டிராயிங்கில் பேரிங் இல்லை, கிணறு இல்லை, பருத்தி இல்லை. ஒரு சின்ன எழுத்து மட்டும் இருந்தது. அவ்வளவையும் அந்த எழுத்தில் வைத்து எழுதி ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். நான் படிக்கவில்லை.

பதினேழையும் முதலாளி ஒதுக்கிவிட்டார். என் உதவித்தொகையில் பிடிக்கவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். புதிதாகக் கடைந்த ஷாஃப்ட்டுகளை அவர் பக்கத்தில் நிற்க நானே கிரைண்ட் செய்தேன். 25.008. ஒவ்வொன்றுக்கும் மைக்ரோமீட்டரின் திருகைச் சுற்றும்போது மூச்சு நின்றது.

பின்னாளில் வேறு இடங்களில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். டிராயிங்கில் புதுப் புதுக் குறிகள் வந்து சேர்ந்தன. வட்டத்துக்குள் கூட்டல் போட்ட குறி ஒன்று, துளை இருக்கவேண்டிய இடத்தைச் சொல்வது. இளம் பொறியாளர்கள் அதைக் கண்டு மிரள்வார்கள். அது பிறந்த கதையை நான் சொல்வேன். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரில் டார்பிடோ தொழிற்சாலை. அங்கே ஸ்டான்லி பார்க்கர் என்பவர். அளவு தப்பு என்று பரிசோதனையில் கழித்துப்போட்ட பொருள்கள், எடுத்துப் பொருத்திப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துவதை அவர் கவனித்தார். துளை இப்படி இவ்வளவு நகரலாம், அப்படி இவ்வளவு நகரலாம் என்று இரண்டு திசையில் அளவு கொடுத்தால், துளையின் மையம் நிற்க அனுமதித்த இடம் ஒரு சதுரம். சதுரத்தின் மூலைவரை மையம் போகலாம் என்றால், அதே தூரம் எல்லாத் திசையிலும் போகலாம்தானே? துளைக்குள் வரப்போகும் போல்ட் உருண்டை. அதற்கு மூலை எது, பக்கம் எது? சதுரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் 57 சதவீதம் இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. நல்ல பொருளைக் கழித்துப்போடவேண்டியதில்லை. 1930களின் கடைசியில் அவர் யோசித்தது இது. எனக்கு இதைப் படித்தபோது மேஸ்திரியின் குரல்தான் கேட்டது. துளையைப் பார்க்காமல், அதில் வந்து உட்காரப்போவதைப் பார்த்தவர்கள் இரண்டு பேரும்.

அந்த டிசம்பருக்கு அடுத்த மாதம் பொங்கல். ஊருக்குப் போனேன். ஒதுக்கிய ஷாஃப்ட்டில் ஒன்றை மேஸ்திரி என்னிடமே கொடுத்திருந்தார். பையில் அது கனத்தது. மாட்டுப் பொங்கலன்று மத்தியானம், களத்து மேட்டில் அப்பா அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“நல்லாத்தான சாமி இருக்குது? எதுக்கு வேண்டாம்னுட்டாங்க?”

சொல்லிப் பார்த்தேன். மைக்ரான் என்றால் அவருக்கு எப்படிச் சொல்வது? சுண்ணாம்புக் கட்டி ஒன்று கிடந்தது. களத்தின் சிமெண்டுத் தரையில் பம்பை நெடுகப் பிளந்தாற்போல் வரைந்தேன். வெளியோடு, அதில் சாய்கோடுகள். இம்பெல்லர். மோட்டார் பக்கம் சுருள். நடுவில் ஷாஃப்ட், அதற்கு நடுக்கோடு, சாய்கோடு போடாமல். இரண்டு பக்கமும் பேரிங்குக்குச் சதுரமும் உள்ளே ஒரு குண்டும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். இது என்ன, இது என்ன என்று கேட்பார் என்று விளக்கத் தயாராக நின்றேன்.

அவர் கேட்கவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு படத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். தண்ணி உறிஞ்சும் பக்கம் வந்து நின்றார், அந்தப் பக்கம் போய் நின்றார். பிறகு குந்தி உட்கார்ந்து, மோட்டார் பக்கத்துப் பேரிங்கின்மேல் விரலை வைத்தார்.

“இங்கிருந்துதான் சத்தம் வந்துச்சு.”